சொல்லிக்கொண்டு கிளம்பு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி? வெந்நீர் குடி என்று நான் சொன்னால் கேட்கமாட்டாய், டாக்டரிடமாவது காட்டு. போனில் பேசினால் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்தவருக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படாது என்று தினமும் எனக்கு அர்ச்சனை நடக்கிறது.

குழந்தைகள் காப்பகத்தில் பயிற்சிக்குச் சேர்கிறேன் என்றதும் இந்த வயசில் உங்களுக்கு ஏன்ப்பா என்று சிரித்தாயே, இப்போது வந்து பார். குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு நான் எழுந்திருக்க முடியாமல் திண்டாடினால் வாண்டுகள் வந்து கை கொடுத்துத் தூக்குகிறார்கள். பொறுப்பாளர் உன் வயதுப் பெண்தான், ஆனால் பலே ஆள். மாலையில் பிள்ளைகள் போனபிறகு பொம்மைகளைத் துடைத்துக்கொண்டே தினமும் ஒரே கேள்வி, இன்னைக்கு என்ன செஞ்சீங்க, ஏன் அப்படிச் செஞ்சீங்க என்று. லிஃப்ட் நின்றால் ஏன் நின்றது என்று குடைந்து பார்ப்பவன் நான், என்னையே அப்படிக் குடைந்ததில்லை. முதலில் எரிச்சலாக வந்தது. இப்போது சாப்பிடும்போதும் அதே யோசனைதான், தட்டில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் விழுங்குகிறேன் என்று அம்மா முறைக்கிறாள்.

புதிதாக ஒரு பொடியன் வந்திருக்கிறான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பான், நான் வாத்தியார் என்று கூப்பிடுகிறேன். அவன் அம்மா நர்ஸ், இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் அவரை விட்டுப் பிரியும்போது வாத்தியார் போடும் கூச்சல் தெரு முனைவரை கேட்கும். இந்த வாரமும் இப்படியே இருந்தா நான் வேலைய விட்டுடறேன் என்று அந்தப் பெண் கண் கலங்கிச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சோப்புக் குமிழி ஊதினேன், வாத்தியார் வாயைப் பிளந்து பார்த்தான், அந்த நேரத்தில் அவரைச் சைகை காட்டி அனுப்பிவிட்டேன். துளி அழுகை இல்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை! ஆனால் அன்று முழுக்க அவன் விளையாடவில்லை, சாப்பிடவில்லை. குளியலறையைத் திறந்து பார்த்தான், பாய் வைக்கும் அலமாரியைத் திறந்து பார்த்தான், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். என்னதான் தேடுகிறான் என்று நானும் பின்னாலேயே போனேன், பிடிபடவில்லை. அடுத்த நாள் குமிழியை ஊதியதும் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் அம்மாவின் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். குமிழி வந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டுவிட்டான் பயல்!

அன்று மாலை ஏன் அப்படிச் செஞ்சீங்க என்று பொறுப்பாளர் கேட்டபோது அவன் அழக்கூடாதே என்றுதான் என்றேன். அவன் அழக்கூடாதுன்னா செஞ்சீங்க, இல்ல அந்த அழுகை உங்க காதுல விழக்கூடாதுன்னா என்றார். மறுநாள் அந்த நர்ஸிடம் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டே போங்கம்மா என்றேன். அம்மா போயிட்டு வர்றேன், நீ தூங்கி எந்திரிச்சதும் வந்துடுவேன் என்று அவர் சொல்ல, அவன் என் நெஞ்சில் உதைத்து ஊரைக் கூட்டினான், அவரும் அழுதுகொண்டே போனார். எதையாவது காட்டி அவனைத் திருப்ப என் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டு அவனை மடியில் வைத்திருந்தேன். ஆமாப்பா, அம்மா போயிருக்காங்க, வந்துடுவாங்க என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அழுது முடித்து என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டுத் தண்ணி என்றான். அலமாரிப் பக்கம் போகவே இல்லை. இன்னமும் காலையில் அழுகிறான், ஆனால் தேடுவதில்லை, சோறும் இறங்குகிறது. அந்தப் பெண் வேலையை விடவில்லை.

இதை உன் அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன். உம் கொட்டிக்கொண்டே கேட்டவள் நடுவில் மெதுவாக, நானும் தேடினேங்க என்றாள். போன தடவை நீ அவள் தூங்கும்போதே கிளம்பினாயே, எழுப்பாதீங்கப்பா, அம்மா அழுவாங்க என்று. எழுந்ததும் நீ குளிக்கிறாய் என்று நினைத்திருக்கிறாள். கையில் காபியோட கதவுக்கு வெளிய நின்னேன், தட்டிக்கூடப் பாத்தேன் என்றாள். உன்னை வண்டி ஏற்றிவிட்டு நான் வீடு திரும்பும்வரை நின்றிருக்கிறாள். இத்தனை நாள் என்னிடம் மூச்சு விடவில்லை அம்மாடி.

உன்மேல் குற்றமில்லை, நீ பாசத்தில்தான் செய்தாய், உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, அந்த இருமலும் நீங்கி நீ நன்றாக இருக்கவேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த மாதம் வந்துவிட்டுத் திரும்பும்போது வண்டி எந்நேரமானாலும் அவளை எழுப்பு. முகத்தைப் பார்த்து, போயிட்டு வர்றேன்மா என்று சொல். அழுவாள், அழட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா