இல்லாத எட்டுப் பேர்

ஹைதராபாத்
4.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினிக்கு எட்டாம் மாதம். வெயிலில் பூண்டு மண்டிக்கு வர விடாதீர்கள்.

எங்கள் ஆய்வகம் நம் ஊர் முகாமில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. இருநூறு பேர். ஒவ்வொரு மரபணுவும் ஆளுக்கு இரண்டு பிரதி, தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. ஆக நானூறு. பாலிலுள்ள சர்க்கரையைப் பக்குவப்படுத்தும் மரபணுவில் எண்பது பிரதிகள் பழுது. ஐந்தில் ஒன்று. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குத் தொந்தரவே இல்லை. இரண்டும் பழுதாகப் பிறக்க ஐந்தில் ஒன்றின் ஐந்தில் ஒன்று, அதாவது இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் இருநூறில் எட்டுப் பேர் இருக்க வேண்டும். ஒருவர்கூட இல்லை.

அவர்கள் எங்கே போனார்கள் அண்ணே? கொஞ்சம் விசாரியுங்கள்.

தங்கை மகிமா

வடுகபட்டி
15.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் உன் மதினி காதில் விழும். அதனால் மெயிலிலேயே எழுதுகிறேன்.

பிறந்து தங்காத பிள்ளைகளைப் பற்றி வீடு வீடாக விசாரித்தேன். சொர்ணலதா அக்கா சொன்னாள், பிறந்த சில நாளில் போன தன் பிள்ளையைப் பற்றி. சங்கிலி மாமா வீட்டில் இரண்டு. நம் வீட்டிலும் உண்டு, தாயி. எனக்கு முன்னால் ஒருவன் பிறந்தானாம். "பால் குடிக்கக் குடிக்க வாடிப்போனான்டா. மாந்தம்னு சொன்னாக" என்றாள் அம்மா.

உன் மதினி பாண்டீஸ்வரிக்கு இது தெரிய வேண்டாம். நீயும் சொல்லாதே.

அண்ணன் சுரேஷ்கண்ணன்

ஹைதராபாத்
16.2.2025

அண்ணே,

அம்மா, அப்பா இருவரிடமும் அந்தப் பழுது இருந்திருக்கிறது. உங்களிடம் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மதினியோ அப்பாவின் கூடப்பிறந்த அத்தை பெற்ற பெண்; அவரிடமும் இருக்கலாம். நீங்கள் இருவரும் முகாமில் ரத்தம் கொடுக்கவும் இல்லை.

பயமுறுத்த எழுதவில்லை. பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் பழுதான பிள்ளைக்குப் பாலே விஷம்; முடிவு வரும்வரை தாய்ப்பால் வேண்டாம். கைக்குழந்தைக்கான சோயா பால்மாவு டப்பா அனுப்பியிருக்கிறேன். முதல் நாளிலிருந்தே கவனித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

மகிமா

வடுகபட்டி
20.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அத்தையாகி ஆறு நாளாகிறது. பெண். உன் மூக்கு. கோபித்துக்கொள்வாய் என்றுதான் போன் செய்யவில்லை. டப்பாவைப் பார்த்ததும் அம்மா, "தாய்ப்பால் இருக்கையில இது எதுக்கு? ஊரு என்ன பேசும்?" என்று பரணில் வைத்துவிட்டாள். பாண்டீஸ்வரியிடம் காரணம் சொல்ல எனக்கும் நா எழவில்லை. அந்தச் சோதனையை முப்பதாம் நாள் சடங்கு கழித்து எடுக்கலாம்.

நீ பயந்ததுபோல் ஒன்றுமில்லை. இரண்டு நாளாக அழுவதே இல்லை. தூக்கம்தான். பால் கொடுக்கக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது. கண் லேசாக மஞ்சளாக இருக்கிறதென்று அம்மா காலை வெயிலில் காட்டுகிறாள். இவ்வளவு சாதுவான பிள்ளையைப் பார்த்ததில்லை என்கிறார்கள்.

அண்ணன்

ஹைதராபாத்
20.3.2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

அண்ணன் போனை எடுக்கவில்லை. மதினி, உங்கள் போன் அணைந்திருக்கிறது. சொல்லாதே என்றார் அண்ணன். இப்போது சொல்கிறேன். பிள்ளைக்கு உங்கள் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்; இந்தத் தூக்கமும் மஞ்சள் கண்ணும் அதற்கு அடையாளம். அது உங்கள் குற்றமில்லை. பாலை நிறுத்திவிட்டு இந்த நிமிடமே தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த மெயிலை டாக்டரிடம் காட்டுங்கள். நான் கிளம்பிவிட்டேன்.

என் கணக்கு தப்பாகப் போகட்டும். ஊரே என்னைத் திட்டட்டும். பிள்ளையைத் தூங்க விடாதீர்கள்.

மகிமா