ஹால் டிக்கெட் முத்திரைக்கு அடியில் இருந்தது

என் யூசுப் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வேங்கிக்கால் அச்சகத்தை நான் ஒருத்திதான் ஓட்டுகிறேன். உங்களைத் திட்டாத நாளில்லை.

கீழ்பென்னாத்தூர் கல்லூரிக்குப் பன்னிரண்டாயிரம் ஹால் டிக்கெட். ஒவ்வொன்றிலும் நீங்கள் வரைந்த முத்திரை. பௌர்ணமி கிரிவலத்துக்கு ரோட்டை மூடுவதற்குள் பெட்டிகள் போக வேண்டும், இல்லையென்றால் இனி வேலையெல்லாம் வேலூருக்கு என்று சொல்லிவிட்டார்கள். கையில் மூன்று நாள். மெஷினோ பக்கத்துக்கு ஒரு நிமிடம் யோசிக்கிறது. எட்டு நாள் ஆகும்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிரகாஷ் முத்திரையை எஸ்.வி.ஜி. கோப்பாக அனுப்பினான். வெப்சைட்டுக்குச் சரி, நம் மெஷினில் நிறம் மாறிவிட்டது. உங்கள் இ.பி.எஸ். கோப்பைப் போட்டால் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை திரும்ப ஏறி, கோப்பு வீங்கிப்போனது. பி.டி.எஃப். என்றால் ஒரே தடவை வைத்து எல்லாப் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளும். மாற்றினேன். கோப்பு இளைத்தது, மெஷின் அப்படியே முனகியது.

"பேசாம போட்டோவா மாத்திடுங்கக்கா" என்றான் பிரகாஷ்.

"பிசிறடிக்கும்பா. அண்ணன் போட்ட கோடு அது" என்றேன்.

எரிச்சலில் கம்ப்யூட்டரில் முத்திரையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தேன். என்ன வேலை அண்ணா இது? கல்லூரி வேண்டாம் என்ற ஆறு மாதிரிகளும் அடியில் இருக்கின்றன. ஒன்றையும் அழிக்காமல் வெள்ளைக் கட்டம் வைத்து மூடி, மேலே அடுத்ததை வரைந்திருக்கிறீர்கள். "மொதல்ல போட்டதே நல்லாருந்துதுன்னு திரும்பி வருவாங்கம்மா" என்பீர்களே. கண்ணுக்குத் தெரியாத அத்தனையையும் மெஷின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரைந்து தொலைத்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம்.

ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசிக் கட்டத்துக்கு அடியில் ஒரு நிக்காஹ் அழைப்பிதழ். ஓரமெல்லாம் மல்லிகைக் கொடி. மணமகள், உங்கள் மகள் நஸ்ரின். மணமகன் பெயருக்கு இடம் காலி. அழைப்பவர் என்று உங்கள் பெயர். எப்போது வரைந்தீர்கள்? ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை?

அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அழுதேன். பிறகு மெஷின் நிற்காமல் ஓடியது, பெட்டிகளும் நேரத்துக்குப் போய்விட்டன.

நஸ்ரினைக் கூப்பிட்டுக் காட்டினேன். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது அவளுக்கு. திரையில் உங்கள் பெயர்மேல் விரலை வைத்தாள்.

"எனக்கு இதே கார்டுதான் வேணும் அத்தை. அத்தா பேருக்கு முன்னாடி மர்ஹூம்னு மட்டும் சேர்த்துடுங்க."

காலமானவர்களுக்குப் போடுகிற சொல். எத்தனை கார்டில் நாம் சேர்த்திருப்போம்.

அவள் கல்யாணத்துக்கு நானே அச்சடிப்பேன் அண்ணா. ஒரு இலையைக்கூட எடுக்க மாட்டேன். அந்த ஒரு சொல்லையும் வேறு யாரிடமும் விடாமல் நானே சேர்ப்பேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
அம்சவேணி