லுகொண்டேயில் காத்திருப்போர்: பூச்சியம்

12.9.1988, திங்கள்
ஸாம்பியாவின் தொலைபேசிச் சேவை பற்றி எங்கள் அலுவலகம் தயாரிக்கும் அறிக்கையைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். ஏழாம் அட்டவணையில் லுகொண்டே. என் அக்கா செல்வமலர் ஒன்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கும் ஊர். தொலைபேசிக்குக் காத்திருப்போர்: பூச்சியம். ஆகவே அங்கே தேவை இல்லை; புதிய தொலைபேசி இணைப்பகத் திட்டத்திலிருந்து ஊரை நீக்கிவிடலாம்.

தேவை இல்லையாம்! அம்மா செத்தபோது நான் அடித்த தந்தி, லுகொண்டே தபாற்கந்தோரின் ஒரே லைனும் பழுதென்று பதினொரு நாள் கிடந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

13.9, செவ்வாய்
அறிக்கை எழுதிய மிஸ்டர் ஹார்வூட்டிடம் சொன்னேன்: லுகொண்டேயில் தொலைபேசிக்குப் பெயர் பதியும் புத்தகம் நிரம்பித் தலைநகருக்குப் போனது, திரும்பி வரவில்லை. புதுப் புத்தகமும் இல்லை. என் அக்காவையே பதிய முடியாதென்று அனுப்பினார்கள். புத்தகமே இல்லாத இடத்தில் பெயர் எப்படி இருக்கும்?

சிரித்தார். ஓர் அக்கா புள்ளிவிபரம் ஆகமாட்டாராம்.

இவர் ஸாம்பியாவுக்குப் போய் நின்றது நாலு நாள். அதுவும் தலைநகர் ஹோட்டலில்.

17.9, சனி
ஈஸ்ட் ஹாம் வீட்டிலிருந்து லுகொண்டேக்குக் காலை எட்டு மணிக்குப் பதிந்த அழைப்பு பன்னிரண்டுக்குக் கிடைத்தது. என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உமக்கேனப்பா உந்த வேலை? தாறதைத் தட்டிப்போட்டு வாருமன்" என்றார்.

"தட்டிறதுக்கே நான் பி.எஸ்ஸி. படிச்சனான்?" என்றேன். பேப்பர் இன்னும் மேலே போனது.

லுகொண்டே தபாற்கந்தோரின் ஒப்பரேற்றர் முவாப்பே பேசினார். டீச்சரைக் கூட்டிவர ஆள் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், எத்தனை பேர் தொலைபேசிக்குக் காத்திருக்கிறார்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். கடதாசிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இருநூற்றுப் பன்னிரண்டு, மேடம். திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரையும் தந்திப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மாதாமாதம் எண்ணுவேன். நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்."

நன்றி சொல்லுமுன் லைன் அறுந்தது.

19.9, திங்கள்
இருநூற்றுப் பன்னிரண்டைச் சொன்னேன். ஹார்வூட்டின் பதில்: கடதாசித் துண்டுகள் ஆதாரமாகா.

22.9, வியாழன்
செய்துவிட்டேன். பூச்சியத்தின் கீழ் ஓர் அடிக்குறிப்பு: "பதிவுப் புத்தகம் இல்லாததால் பதிவு நிறுத்தப்பட்டுள்ளது. காத்திருப்போர் 212 என ஒப்பரேற்றர் கூறுகிறார்." யாரையும் கேட்கவில்லை. பயம் ஈஸ்ட் ஹாமில் ரயிலால் இறங்கிய பிறகுதான் வந்தது. வேலை போனால்?

21.10, வெள்ளி
அறிக்கையைப் பெற்றவர்கள் அடிக்குறிப்பைப் பற்றி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஹார்வூட் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். தன்னை முட்டாளாக்கிவிட்டேனாம். பூச்சியம் போட்டது நானா?

வேலை போகவில்லை. ஆனால் இனி அட்டவணைகள் எனக்கு இல்லை. கடித உறைகளில் விலாசம் அடிப்பதுதான் வேலை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். "சொன்னனான்தானே" என்றார். பிறகு தானே எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

14.12
விலாசங்கள்.

8.5.1989, திங்கள்
ஹார்வூட் என் மேசையில் கடதாசிக் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். திருத்திய அறிக்கை, நான் தட்டுவதற்கு. ஏழாம் அட்டவணை. லுகொண்டே, காத்திருப்போர்: 231. புதிய இணைப்பகம்: ஆம். ஆண்டு: 1995.

ஆறு வருடம்! அக்காவுக்குத் தொண்ணூற்று மூன்றில் ஓய்வு. இருந்தும் தட்டினேன். இரண்டு, மூன்று, ஒன்று.

19.6, திங்கள்
அக்காவின் கடிதம். தலைநகரிலிருந்து புதுப் புத்தகம் வந்துவிட்டதாம். முவாப்பே மூன்று நாள் இருந்து தந்திப் படிவங்களிலிருந்த எல்லாப் பெயர்களையும் அதில் பார்த்து எழுதினாராம்.

"லைன் வர முந்தி நான் போயிடுவன், என்ரை பேரை வெட்டிவிடும் எண்டு சொன்னன். ஏலாதெண்டிட்டார். எண்ணிக்கை குறைஞ்சு போமாம்."