கோளாறு பெட்டியில இல்ல

என் கண்ணே,

நீ உடம்பாலயும் மனசாலயும் சுகமா இருக்கணும், எனக்கு முதல்ல வேண்டியது அதுதான். நாங்களும் இங்க நல்லா இருக்கோம்னு வழக்கம்போல எழுதிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடலாம், ஆனா பேனா நகர மாட்டேங்குது. எனக்கு ஒண்ணுமில்ல, முழங்கால் வலி அது பாட்டுக்கு இருக்கு, தையல் மெஷினை மிதிக்கிறப்ப நானும் இருக்கேன்னு ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் சர்க்கரை பிரஷர் எல்லாம் அடங்கித்தான் இருக்கு. விஷயம் வேற. போன தடவை போன்ல கேட்டியே, அம்மா என் ரெக்கார்டிங் அப்பாவுக்குப் பிடிக்கலையா, அது சரியில்ல இது சரியில்லன்னு குறைதான் சொல்றாரு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வரலையேன்னு. நான் அடுப்புல பால் பொங்குதுன்னு சொல்லி போனை வச்சிட்டேன். பாலும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு, அவரை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன், சொல்ல ஆரம்பிச்சாலும் நடுவுல அழுதிருப்பேன். அதான் எழுதுறேன். முழுசா படி, பாதியில போனைத் தூக்காத.

நீ அனுப்பின பெட்டி ரெண்டும் கீறல் இல்லாம வந்து சேர்ந்துச்சு. அன்னைக்கு உங்கப்பாவைப் பாக்கணுமே, தலைகால் புரியல மனுஷனுக்கு. நான் துணி வெட்டுற மேசையைக் காலி பண்ணுன்னு அதிகாரம் வேற. எனக்கு அது என்ன ஏதுன்னே தெரியாது, ரெண்டும் டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கு. அவரே பாடம் எடுத்தாரு, கீழ வைக்கிறது டிஏசி, கம்ப்யூட்டர்ல வெறும் எண்ணா கிடக்கிறதை அது சத்தமா மாத்துமாம், மேல வைக்கிறது ஆம்ப், அந்தச் சத்தத்தை ஹெட்போனுக்குத் தகுந்த மாதிரி பெருக்கிக் கொடுக்குமாம். மாத்தி வச்சா என்ன ஆகும்னு கேட்டேன். ஆம்ப் சூடாகும், சூடு மேல போக இடம் வேணும், உன் கோபம் மாதிரின்னாரு. அப்படி ஒரு சந்தோஷத்துல இருந்தாரு. சிவப்பு வெள்ளை வயரை எடுத்து டிஏசிக்கும் ஆம்புக்கும் நடுவுல மாட்டி, கம்ப்யூட்டர் வயரைச் சொருகி, ஹெட்போனைத் தலையில வச்சுக்கிட்டுப் பாட்டைப் போட்டா, பாட்டு டிவி மாதிரி கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல இருந்து ஊரைக் கூட்டுது, ஹெட்போன்ல ஒரு மூச்சும் இல்ல. நான் சிரிச்சிட்டேன். சத்தம் எங்க போகணும்னு கம்ப்யூட்டர் செட்டிங்ஸ்ல போய்ச் சொல்லணுமாம், அதைச் சொன்னதும் சரியாச்சு. அப்புறம் பாட்டுக்கு அடியில ஒரு உறுமல், கொசு மருந்து அடிக்கிற வண்டி தெருமுனையில நிக்கிற மாதிரி. கம்ப்யூட்டரை ஒரு சுவத்து பிளக்லயும் ஆம்பை இன்னொரு சுவத்துலயும் சொருகியிருந்தாரு, எல்லாத்தையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்புக்குக் கொண்டுவந்ததும் உறுமல் போன இடம் தெரியல. பாத்தியா, கை இன்னும் மறக்கலைன்னு என்னைப் பாத்து ஒரு பெருமை.

அதுக்கப்புறம்தான் நீ வாசிச்சு அனுப்பின வயலினைப் போட்டாரு. கொஞ்ச நேரம் கேட்டாரு, ஹெட்போனைக் கழட்டினாரு, துடைச்சாரு, மறுபடி மாட்டினாரு. நான் பட்டன் தைக்கிறதை நிறுத்திட்டு எப்படி இருக்குன்னு கேட்டேன். இதுல என்னமோ கோளாறு, கீச்சுன்னு வர்ற மேல் சத்தமே வரலை, போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு, இடது பக்கம் அதுகூட இல்லன்னாரு. அன்னைல இருந்து ஆரம்பிச்சதுதான் இந்தக் கூத்து. வயர் சரியில்லன்னு புது வயர் வாங்கினாரு. ஆம்ப்ல இருக்கிற சின்ன சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினாரு, அந்தப் பக்கம் தள்ளினாரு, சத்தத்தைத் திருகித் திருகி ஏத்தினாரு, நான் அடுக்களையில நின்னுக்கிட்டே உன் வயலினைக் கேக்குற அளவுக்கு ஏத்திட்டாரு, அப்பவும் பத்தலையாம். அப்புறம் உன் பக்கம் திரும்பிட்டாரு. நீ ஃபைலைச் சின்னதாக்கி அனுப்பிட்ட, அதான் மேல் சத்தம் போயிடுச்சுன்னு உனக்கு மெயில் மேல மெயில். நீயும் பெருசா அனுப்பின, இன்னும் பெருசா அனுப்பின, கடைசியில கோபம் வந்து உங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் குறைதான்னு எழுதிட்ட. அதை அவர் எனக்குப் படிச்சுக்கூடக் காட்டல, நானேதான் பாத்தேன். உன் மேல தப்பில்லம்மா. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க.

இதுல ஒண்ணை நீ புரிஞ்சுக்கணும். உங்கப்பா ஒலிப்பதிவுக் கூடத்துல வேலை பாத்த காலமெல்லாம், அவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டுத் தலையாட்டினாத்தான் வாசிச்சவங்க இடத்தை விட்டு எழுந்திரிப்பாங்க. எவ்வளவு பெரிய வித்வானா இருந்தாலும் சரி, அவர் இன்னொரு தடவைன்னா இன்னொரு தடவைதான். மெஷினே இவர் காதை வச்சுத்தான் சரியா தப்பான்னு முடிவாகும். அதனால அவரும் சரி, நானும் சரி, வயரைச் சந்தேகப்பட்டோம், பெட்டியைச் சந்தேகப்பட்டோம், பெத்த பொண்ணையே சந்தேகப்பட்டோம், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் புத்தி போகவே இல்ல. கதவு மணி அடிச்சா எழுந்திரிக்காம உக்காந்திருப்பாரு, நான் ஒண்ணு கேட்டா வேற ஒண்ணுக்குப் பதில் சொல்லுவாரு, ஆம்பளைங்க வயசானா இப்படித்தான்னு நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

ஒலிப்பதிவுக் கூடத்துல அவங்களுக்கு ஒரு வழி உண்டாம். ஒரு பக்கம் சத்தம் வரலைன்னா இடதையும் வலதையும் மாத்திப் போட்டுப் பாக்கணும், கோளாறு கூடவே இடம் மாறினா அதுக்கு முன்னாடி இருக்கிற சாமான்ல கோளாறு, மாறாம நின்னா அதுக்குப் பின்னாடி. ஒரு நாள் சாயங்காலம் அதைச் செய்ய உக்காந்தாரு. டிஏசில சிவப்பு வெள்ளையை மாத்திச் சொருகினாரு, இடது பக்கம் அப்படியேதான் செத்துக் கிடந்துச்சு. அப்போ டிஏசி நல்லா இருக்கு, ஆம்ப்லயோ ஹெட்போன்லயோதான்னு எனக்கு விளக்கம் வேற சொன்னாரு, கண்டுபிடிச்சிட்டோம்ங்கிற மாதிரி குரல்ல ஒரு உற்சாகம். அடுத்து, ஹெட்போனைக் கழட்டி வலதை இடது காதுலயும் இடதை வலது காதுலயும் திருப்பி மாட்டினாரு. மாட்டிக்கிட்டுக் கேட்டாரு. மறுபடி நேரா மாட்டினாரு. மறுபடி திருப்பினாரு. என்னாச்சுங்கன்னு கேட்டேன், எப்படி மாட்டினாலும் இடது காதுலதான் சத்தம் இல்லன்னாரு. ஹெட்போனுக்குப் பின்னாடி இருக்கிறது என்ன, அவர் தலைதானே. சுவிட்சை அணைச்சிட்டு எழுந்து போய் மொட்டை மாடியில நின்னுட்டாரு. அவர் போனதும் நான் அதை எடுத்து மாட்டிப் பாத்தேன். ஐயோ என் செல்லமே, என்ன சுத்தமா இருந்துச்சு தெரியுமா, வில்லு கம்பியில உரசுறதும், விரல் கட்டையில விழுறதும், ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி. எனக்குச் சங்கீதத்துல ஆனா ஆவன்னா தெரியாது. எனக்குக் கேக்குது. அவருக்குக் கேக்கலை. தையல் மெஷின் மேலயே தலையை வச்சு அழுதேன், மாடிக்குக் கேக்கும்னு வாயைப் பொத்திக்கிட்டேன், அப்புறம்தான் நினைச்சேன், அவருக்கு எங்க கேக்கப் போகுதுன்னு.

காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி அறையில உக்கார வச்சு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்கன்னு சொன்னாங்க. வெளியே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், மனுஷன் பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு காத்துக்கிட்டே இருந்தாரு. நரம்பு போயிடுச்சாம், வருஷக்கணக்கா ஹெட்போன்ல சத்தமா கேட்டதுதானாம், போனது போனதுதானாம். காதுல மெஷின் வச்சா பேச்சு ஓரளவு பிடிபடும், வயலின் பழைய மாதிரி வராதுன்னு டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா, அவளுக்குச் சொல்லாத, ரொம்ப நல்லா இருந்துச்சு, முழுசா கேட்டேன்னு எழுதிடு, இல்லன்னா வில்லைக் கையில எடுக்கும்போதெல்லாம் என் காதை நினைச்சு அழுவான்னாரு. சரின்னு தலையாட்டினேன். ஆனா என்னால அந்தப் பொய்யை எழுத முடியலம்மா. நீ அங்க ஒத்தையில உக்காந்து அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சு மருகுறதுக்குப் பதிலா, அழுதாலும் உண்மைக்கு அழுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நேத்து மத்தியானம் அவரே வந்து, நீ மாட்டிக்க, நான் பாக்குறேன்னாரு. எனக்கென்ன தெரியும்னு சொன்னா விடல. நான் கேக்க, அவர் எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. நடுவுல ஒரு இடத்துல எனக்குக் கண்ணு நிறைஞ்சுது, அவருக்காகன்னு நினைக்காத, நீ வாசிச்சதுக்குத்தான். உடனே எந்த இடம், எந்த இடம்னு ஸ்கிரீனைக் காட்டினாரு. அந்தக் கோடு மேலயும் கீழயும் ஓடுதே, அதுல காட்டினேன். கிட்டப் போய்ப் பாத்துட்டு, இங்கதான் கண்ணுல தண்ணி வரணும், வில்லைத் தூக்காமலே சத்தத்தைக் குறைச்சிருக்கா பாரு, சரியாத்தான் வாசிச்சிருக்கான்னாரு. அப்புறம் கொஞ்சம் தயங்கி, அவ மூச்சு விடுறது கேக்குதான்னு கேட்டாரு. ஆமாங்க, ஒவ்வொரு தடவையும் வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூச்சை இழுக்குறான்னேன். கையை நீட்டினாரு, அது கேக்குறப்பல்லாம் இதுல ஒரு தட்டு தட்டுன்னாரு. முதல்ல இருந்து போட்டோம். நீ மூச்சை இழுத்தப்பல்லாம் அவர் உள்ளங்கையில தட்டினேன், ஒவ்வொரு தட்டுக்கும் ம்னாரு. முடிஞ்சதும் கையை மூடிக்கிட்டு, இப்ப எழுது, எனக்குப் பிடிச்சிருக்குன்னு, இது பொய்யில்லன்னாரு. அதனால எழுதுறேன். அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு.

வேளைக்குச் சாப்பிடு, குளிர்ல விரல் விறைச்சுப் போகாம பாத்துக்க. வீடியோல பேசும்போது வெளிச்சத்துல உக்காரு, உன் உதடு அவருக்குத் தெரியணும், கத்தாத, மெதுவா பேசு. நான் சொன்னது தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, அவரா சொல்ற வரைக்கும் விடு. வேற பெட்டி எதுவும் வாங்கி அனுப்பாத, முடிஞ்சா நீ வா. உன் கையும் மனசும் என்னைக்கும் தளராம நீ நல்லா இருக்கணும்னு எங்க ரெண்டு பேரோட ஆசியும் உனக்கு உண்டு. ஒண்ணு மட்டும் மறந்துடாத, அடுத்த தடவை வாசிச்சு அனுப்பும்போது, மூச்சுச் சத்தம் அசிங்கமா இருக்குன்னு யாராவது வெட்டச் சொன்னா, வெட்ட விடாத.

உன் வழியையே பாத்துக்கிட்டிருக்கிற
அம்மா