காதைக் கட்டாமல் வந்த மதினிக்கு

மதினி,

இன்று காலையில் கம்பளியை உதறி வெயிலில் போட்டேன். எத்தனை தடவை துவைத்தாலும் அந்த அடுப்புப் புகை வாசனை போவதாயில்லை. உடனே உங்கள் ஞாபகம் வந்து, செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

விஷக் காய்ச்சல் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் புகுந்து ஆளை வாரிக்கொண்டு போன வருஷம் அது. ஒன்றரை மாதம் நான் சாக்கில் சுருண்டு கிடந்தேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நீங்கள்தான், விடியலில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஓடுமுன் எனக்குக் கஞ்சி ஊட்டினீர்கள். கொழுந்து பறித்துக் களைத்து வந்த கையோடு என் உடம்பைத் துடைத்துவிட்டீர்கள். காய்ச்சல் ஒருவழியாக இறங்கியது. தலைமுடி மொத்தமும் கொட்டிப்போனது. இந்த மண்டையோடு வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் அது சரியாகப் போயிற்று. காய்ச்சல் கண்ட உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்பது அவளுக்கு வேதவாக்கு.

அது பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வேலை கிடையாது. அப்புத்தளை மலைக் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"காத்துல என்ன பேயா இருக்கு, அத்தே? இங்கயே கெடந்தா புள்ள மக்கிப் போயிருவா," என்று சொல்லி என்னை எழுப்பி நிறுத்தினீர்கள்.

"காதையாவது கட்டுங்கடி!" என்று அம்மா கத்தினாள்.

ஒரு கம்பளியை அண்ணன் போர்த்திக்கொண்டு பதுளை டவுனுக்குப் போயிருந்தார். மிச்சம் இருந்த ஒன்றை என் தலையோடு சேர்த்துச் சுற்றினீர்கள். உங்களுக்கு ஒன்றும் இல்லை.

முள்முருங்கை செக்கச்செவேலென்று பூத்திருந்தது. காற்று பூவைப் பிய்த்து நம் மேலேயே எறிந்தது. கன்றுக்குட்டிபோல எனக்குக் கால் பின்னியது. திருப்பத்தில் ஒரே இழுப்பில் கம்பளி தலையை விட்டு நழுவியது. நான் அழப் பார்த்தேன்.

"ஒன் மொட்டத் தலையப் பாக்கணும்னு காத்துக்கு என்னா ஆசை பாரேன்!" என்றீர்கள்.

சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. நீங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு கம்பளியை மறுபடி கட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"என்ன மதினி, கை இப்படிச் சுடுது?"

"அடுப்படியில நின்ன கை, புள்ள."

மலைவிளிம்பு வரை போய், கீழே விரிந்து கிடக்கும் சமவெளியைப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பாதி வழியில் ஒரு கல்லைக் காட்டி, "இங்கன கொஞ்சம் குந்துவமா?" என்று கேட்டீர்கள்.

"சீக்காளி நீங்களா, நானா?"

"அடியாத்தி, வாயப் பாரு! நட, வாறேன்."

வந்தீர்கள். விளிம்பு வரைக்கும் வந்தீர்கள். ஆறாம் நாள் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இத்தனை வருஷமாகியும் காற்று எழும்பினால் போதும், அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறாள். "காதக் கட்டாமப் போனா, பாவி மக. காத்துதான் அடிச்சுக் கொன்னுருச்சு," என்று அழுகிறாள். அண்ணனும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

அது பொய், மதினி. ஒன்றரை மாதம் வெந்து கிடந்தவளுக்கு அடுப்புச் சூடு எது, காய்ச்சல் சூடு எது என்று தெரியாதா? தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பிழைத்திருப்பீர்களோ என்னவோ. சொன்னால் அத்தோடு திரும்ப வேண்டியிருக்குமே என்று, அடுப்படியில் நின்ன கை என்று நீங்கள் சொன்னதை நம்பியவள்போல நடந்தேன். எனக்கு இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மதினி.