சக்கரத்தின் சுற்றளவு

மார்ச் 3, செவ்வாய்

ஒருவருக்கு முடியவில்லையா, மனமில்லையா? பக்கத்தில் இருப்பவள் எப்படிக் கண்டுபிடிப்பது? இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

இவருக்கு இதய அடைப்பு நீக்கி இரண்டு மாதம். தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் கூடாது என்கிறார் டாக்டர். "குத்துமதிப்பா ஓட்டிக்கிறேனே" என்றார் இவர். கல்லூரியில் இயற்பியல் லேப் நடத்துபவளிடம் குத்துமதிப்பா? சக்கரம் சுற்றுவதை எண்ணித் தூரம் காட்டும் சைக்கிள் மீட்டர் வாங்கி வந்தேன்.

சக்கரத்தின் சுற்றளவை அதில் பதிக்க வேண்டும். "புத்தகத்துல அட்டவணை இருக்கும்மா, டயர் சைஸைப் பாத்து நம்பரைப் போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். அட்டவணையை யார் நம்புவது? நானே அளந்தேன். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு. சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டி இன்னொரு கோடு. தையல் டேப்பில் ஒரு முழு நீளம், அதற்கு மேல் ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர். 1590 மில்லிமீட்டர் என்று பதித்தேன்.

மார்ச் 6

மீட்டர் ஆறு காட்டியது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிட்டார்.

மார்ச் 10

மீட்டரில் நாலரை கிலோமீட்டரிலேயே வீடு திரும்பிவிட்டார். "இதுக்கே இப்படின்னா?" என்றேன்.

"சுத்து ரோட்டுல நாலாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டறப்பவே பாத்தேன். உன் கருவி மூணுங்குது."

"கல்லை நட்டவன் அளந்தா நட்டான்?"

"ஆமா தாயே. கல்லு பொய், நான் பொய், நீ மாட்டினது மட்டும் சத்தியம்."

சோம்பல். வேறென்ன?

மார்ச் 13

ஆறு. நேராகப் போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 17

ஆறு கிலோமீட்டருக்கே மூச்சு வாங்குவது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அட்மிட் செய்து, மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். வெளியே வந்ததும், "பயமா இருக்குடி" என்றார். இதுவரை சொன்னதில்லை.

மார்ச் 18

ஜன்னல் திரைக்கு அளவெடுத்தேன். டேப்பின் கடைசியில் 150 என்று இருந்தது.

நூறு இல்லை. நூற்றைம்பது. லேபில் வருடக்கணக்காக ஒரு மீட்டர் அளவுகோலையே பிடித்த கை — ஒரு முழு நீளம் என்றால் நூறு என்று எடுத்துக்கொண்டது. 1590 இல்லை, 2090. ஆறு காட்டிய நாளெல்லாம் இவர் ஓட்டியது கிட்டத்தட்ட எட்டு. நாலரையில் திரும்பினாரே, அதுதான் சரியான ஆறு. ஐயோ, நான்தானே விரட்டி விரட்டி ஓட்ட வெச்சேன்.

நம்பரை மட்டும் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்ப வெள்ளிக்கிழமை? அவர் அறை வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன்.

மார்ச் 19, வியாழன்

காலையில் சொல்லிவிட்டேன். "தப்பா அளந்துட்டேன். நீங்க ஓட்டினது எட்டு."

டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நெஞ்சுக்கு ஒண்ணுமில்லையா?"

"தெரியாது. டாக்டர்தான் சொல்லணும்."

இருவரும் போனோம். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார், திட்டவில்லை. நாளை அட்மிட் ஆக வேண்டாம். ஒரு வாரம் ஓய்வு, பிறகு நாலு கிலோமீட்டர். அப்போதும் மூச்சு வாங்கினால் பார்க்கலாம் என்றார்.

பஸ் நிறுத்தத்தில் இவர் கேட்டார்: "அன்னைக்கே சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

"நீ நம்பல."

"நம்பல."

பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருபவர், இன்று ஒரு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார். வழியெல்லாம் அவர் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் நிறுத்தம் வந்தபோது நான் முதலில் இறங்கினேன். படி உயரம். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.