ஏணிக்கு ஒரு சீசன்

அக்டோபர் 14, செவ்வாய்

கூடைப்பந்து சீசனின் முதல் ஆட்டம். கடைசி வகுப்பை எடுத்து முடித்ததும் டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே அரங்கத்துக்குப் போய்விட்டேன். கூரையில் கற்பவர் பலகையோடு நான் பார்க்கிங்கில் நுழைந்தால் காவலாளிக்கு இன்னும் சிரிப்பு அடங்குவதில்லை.

அதே மூலை, அதே இருக்கை. பின்னால் வழக்கம்போல் பல் டாக்டர். என் மனைவியின் தம்பியை கிளப் தன் அணிக்கு எடுத்ததிலிருந்து இந்த மூலையில் நான்தான் பெரிய மனிதன். பையனுக்குப் பத்தொன்பது வயது, ஆறடி எட்டு அங்குலம். ஏணி என்று பெயர் வைத்ததே நான்தான். இப்போது அரங்கமே அப்படித்தான் கூப்பிடுகிறது. ‘இந்த வருஷம் பாருங்க’ என்று விடுமுறை முழுவதும் எல்லாரிடமும் அளந்து வைத்திருந்தேன்.

மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஏழு முறை எறிந்தான். ஒன்று விழுந்தது. ஒன்று வளையத்தைத் தொடக்கூட இல்லை. டாக்டர் என் தோளைத் தட்டி, “கையில ஏதாவது அடியா சார்?” என்றார்.

அடி இல்லை. ஆனால் எறிந்த விதம் வேறு. பந்து கிளம்பும் இடமே வேறு. அது அவனுடைய ஷாட்டே இல்லை. யார் செய்த வேலை இது?

அக்டோபர் 16, வியாழன்

சாப்பிட வந்தான். கேட்டுவிட்டேன். மேஜைமேல் இருந்த ஆரஞ்சை எடுத்துக் காட்டினான்.

பழைய முறையில் பந்து தலைக்குப் பின்னால் போய்விட்டு வரும், முழங்கை வெளியே விரியும். கல்லூரியில் அவனை எட்டுகிற ஆள் இல்லை, அதனால் பிழைத்தது. இங்கே ஆடுகிற எல்லாருமே ஏணிகள். பந்து கிளம்புவதற்குள் தட்டிவிடுவார்கள். அதனால் கிளப்பில் ஷாட் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மா முழுவதையும் பிரித்து மாட்டுகிறாராம். முழங்கை உள்ளே, பந்து நெற்றிக்கு முன்னால்.

“ஒரு சீசன் மோசமாத்தான் இருக்கும்னு மேடம் முதல்லயே சொல்லிட்டாங்க மாமா. நடுவுல பழசுக்குப் போனா ரெண்டும் போயிடுமாம்.”

“இதை வெளிய சொன்னா ஜனங்க புரிஞ்சுப்பாங்களேடா.”

“சாக்கு சொல்றான்னுவாங்க. வேணாம்.”

அவனை மேலும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று ஜனவரி முடிவில் கிளப் தீர்மானிக்கும். வாயைத் திறப்பதில்லை என்று மனைவி என்னிடம் சத்தியம் வாங்கினாள். என் வாயின் நீளம் அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 2, ஞாயிறு

மறுபடியும் தோற்றோம். ரசிகர் வாட்ஸப் குழுவில் யாரோ ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள்: ஏணியை பெஞ்சில் உட்கார வைக்கலாமா? குழுவை நடத்துகிறவன் நான். அழித்திருக்கலாம். அழித்தால் ‘மச்சினன் பாசம்’ என்பார்கள். விட்டுவிட்டேன். யார் எந்தப் பக்கம் போட்டார்கள் என்று தெரியாத ஓட்டு. நான் போடவில்லை.

பொய். போட்டேன். உட்காரட்டும் என்றுதான் போட்டேன். கொஞ்ச நாள் இவர்கள் வாயில் விழாமல் இருக்கட்டுமே என்று. அவனுக்காகத்தானே? அவனுக்காகத்தான்.

நவம்பர் 19, புதன்

இப்போது ஒரு புதுச் சத்தம் வந்திருக்கிறது. பந்து அவன் கைக்கு வந்ததுமே, அவன் எறிவதற்கு முன்பே, அரங்கம் மொத்தமாக ‘ம்ச்’ என்கிறது. திட்டினால்கூடத் தாங்கலாம். இது கண்ணாடி டம்ளர் கீழே விழப்போகும்போது வருகிற சத்தம். அவன் காதில் விழாமல் இருக்குமா? ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்றான். எறியவில்லை. பந்தை வேறொருவனிடம் தள்ளிவிட்டான்.

“நீங்க குடுத்த பில்டப் என்ன, பையன் ஆடறது என்ன?” என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் பல்லைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன். இன்னும் எத்தனை நாள்தான் இந்தக் கூத்து, அந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று. அவள் துணி மடித்துக்கொண்டே, “கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியாம ரெண்டு மாசமா ஒரு அம்மா உங்ககிட்ட வர்றாங்களே, அவங்ககிட்ட இப்படிக் கத்துவீங்களா?” என்றாள்.

அவர்கள் ஓட்டுவதைப் பன்னிரண்டாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கவில்லை என்றேன். நல்ல பதில் என்றுதான் அப்போது நினைத்தேன்.

டிசம்பர் 6, சனி

அவன் கார் பழுதுபார்க்கப் போயிருந்தது. பயிற்சி முடிந்து நான்தான் கூட்டி வந்தேன். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க, மடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான். நாளை ஆட்டம். ஊரே பார்க்கும். மெலிந்துவிட்டான், பாவம்.

சிக்னலில் நின்றபோது சொன்னேன். “ஒரே ஒரு நாள் பழைய மாதிரி போடேன். இவனுங்க வாயை அடைக்கிறதுக்காக.”

சீட் பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டான்.

“மேடத்துக்குத் தெரிஞ்சா?”

“மேடமா டிக்கெட் வாங்கிட்டு வந்து உட்கார்றாங்க?”

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தவறாக எதுவும் சொல்லிவிடவில்லையே? ஒரு நாள்தானே?

டிசம்பர் 7, ஞாயிறு

போட்டான்!

முதல் பந்து தலைக்குப் பின்னால் போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வலைக்குள் நேராக. அடுத்ததும். அதற்கடுத்ததும். மொத்தம் ஐந்து. அரங்கம் எழுந்து நின்றது. பல் டாக்டர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார், மூக்குக்கண்ணாடி என் சட்டைக்குள் விழுந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். இந்த மூலையில் இருந்த அத்தனை பேரும் எனக்குக் கை கொடுத்தார்கள், நானே எறிந்த மாதிரி.

ஒன்று மட்டும். ஆட்டம் முடிந்ததும் பெஞ்ச் பக்கம் பார்த்தேன். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். ஷாட் மேடம் மட்டும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார், பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொறாமையாக இருக்கும்.

மனைவி சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

டிசம்பர் 8, திங்கள்

ரசிகர் குழுவில் நான் ராஜா. சொன்னேன் பாத்தீங்களா, சொன்னேன் பாத்தீங்களா.

டிசம்பர் 13, சனி

வெளியூர் ஆட்டம், டிவியில் பார்த்தேன். எதிரணிக்காரர்களும் போன ஞாயிறு ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள், வேறென்ன? பந்து தலைக்குப் பின்னால் போகும் வரை காத்திருந்து தட்டினார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, நான்கு தடவை. நான்காவது பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அங்கே சிரித்தார்கள். நம் ஆட்கள் குழுவில் அதைவிட நன்றாகச் சிரித்தார்கள்.

டிசம்பர் 17, புதன்

புது முறைக்குத் திரும்பப் பார்த்தான். வரவில்லை. கை பாதி தூரம் போய் நிற்கிறது. முழங்கை உள்ளே வரலாமா வெளியே போகலாமா என்று தெரியாமல் முழிக்கிறது. இரண்டுங்கெட்டானாக ஒரு எறி. ஃப்ரீ த்ரோ கூட விழவில்லை. எதிரில் ஆளே இல்லாமல், சும்மா நின்று போடுகிற பந்து. அதுவும் விழவில்லை.

‘ம்ச்’ சத்தமும் நின்றுவிட்டது. அவன் கைக்குப் பந்து வந்தால் ஜனங்கள் போனைப் பார்க்கிறார்கள்.

டிசம்பர் 18, வியாழன்

சாப்பிட வந்தான். சாப்பிடவில்லை. அவன் அக்கா கேட்டாள்: “மேடம் அவ்வளவு சொல்லியும் பழைய மாதிரி போட்டியே, யார் சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. நானாத்தான் போட்டேன்.”

நான் சமையலறையில் கையில் தட்டோடு நின்றிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? என்னடா பையன் இவன், திட்டித் தொலைச்சிருக்கலாம்ல.

அவன் போன பிறகு சொன்னேன். “நான்தான் சொன்னேன்.”

“தெரியும்” என்றாள்.

“ஏன் கேட்கலை அப்ப?”

“நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்.” கொஞ்ச நேரம் தட்டுகளை அடுக்கினாள். அப்புறம் சத்தமே இல்லாமல் சொன்னாள். “அவனுக்கு ரசிகருங்க பன்னிரண்டாயிரம் பேர் இருக்காங்க. மாமான்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.”

அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

ஷாட் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். பயிற்சிக்கூட வாசலில் நின்று, பழைய மாதிரி போடச் சொன்னவன் நான், அவன்மேல் தப்பில்லை என்றேன். முழுதும் கேட்டார்.

“உங்க பேச்சைக் கேட்டான்ல? அப்ப என் பேச்சையும் கேட்பான்னுதான் அர்த்தம். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்” என்றார். “கிளப் அதுவரைக்கும் காத்திருக்குமான்னு நான் சொல்ல முடியாது.”

கோபப்பட்டிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

ஜனவரி 9, வெள்ளி

இரண்டாம் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். குழுவில் கைதட்டல் பொம்மைகள். ‘நல்ல முடிவு’, ‘இதை எப்பவோ பண்ணியிருக்கணும்’. பல் டாக்டர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார்: வருத்தமாக இருக்கிறது சார், பையன் நல்லவன். அவரும் ‘ம்ச்’ சொன்னவர்தான். நான் மட்டும் என்ன யோக்கியம்?

ஜனவரி 30, வெள்ளி

கிளப் அவனை வைத்துக்கொள்ளவில்லை.

அக்காவிடம் போனில் சொன்னான். அவள் அழவில்லை. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன அணி. கீழ் லீக். ஒரு சீசனுக்கு எடுத்துக்கொண்டார்கள். மேடம்தான் பேசிவிட்டிருக்கிறார், வாரம் ஒரு நாள் தானே போய்ப் பயிற்சி கொடுப்பாராம். பெட்டிகளை டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். கட்டில் அவன் நீளத்துக்குப் போதவில்லை. கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் தலையணை வைத்துவிட்டு வந்தாள் அக்கா.

ரசிகர் குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

இங்கே கிளப்புக்கு முக்கியமான ஆட்டம். நான் அங்கே, அவன் ஆட்டத்துக்குப் போனேன். அரங்கம் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் மரப் பலகைகள், மறுபக்கம் சுவர். நாற்பது பேர் இருந்தால் அதிகம். நடுவில் டாக்டர் போன் செய்தார். “சீட்டு காலியா இருக்கே, எங்க சார் இருக்கீங்க?” சொன்னேன். “பையன் எப்படி? மேல வந்துடுவானா?”

தெரியலை டாக்டர் என்றேன். பதினைந்து வருடத்தில் இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. லைன் போய்விட்டதோ என்று ‘ஹலோ ஹலோ’ என்றார்.

ஆறு எறிந்தான். எல்லாமே நெற்றிக்கு முன்னாலிருந்து. இரண்டு விழுந்தன.

திரும்பும்போது கூடவே வந்தான். ஞாயிறு அக்கா கையால் சாப்பிடவேண்டுமாம். நெடுஞ்சாலை ஏறி வெகுநேரம் பேச்சில்லை. எனக்கு நாக்கு நமநமத்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன மாமா, ஒண்ணுமே சொல்லலை?”

“ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டிருக்கேன்.”

சிரித்தான். அந்தக் காருக்குப் பெரிய சிரிப்பு. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னான். “மூணாவது ஷாட்ல முழங்கை வெளிய போச்சு.”

போனது. நானும் பார்த்தேன்.

“அப்படியா?” என்றேன்.